ஸ்டாஃப் ரிப்போர்ட்டை வரிவரியாகப் படிப்பது எப்படி? டர்பன் தமிழ்க் குடும்பங்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வர்த்திலோ ஃபீனிக்ஸிலோ ஆறாத ஒரு கட்டியை டாக்டரிடம் காட்டினால், நீளமான பஞ்சுக் குச்சியால் சீழைத் தொட்டெடுத்து ஆய்வகத்துக்கு அனுப்புவார். இரண்டு மூன்று நாளில் ஒரு தாள் வரும். அதில் அடிக்கடி வரும் பெயர் 'ஸ்டாஃப்', அதாவது ஸ்டாஃபிலோகாக்கஸ் என்ற பாக்டீரியா. அதில் பாதி லத்தீன், மீதி சுருக்கெழுத்து. இங்கிலீஷிலேயே படித்து வளர்ந்த பேரனுக்கும் அது புரியாது, ஆயாவுக்கும் புரியாது. இரண்டு பேரும் கூகுளில் தேடி, இருப்பதிலேயே மோசமான படத்தைப் பார்த்துப் பயந்துபோய் உட்கார்ந்திருப்பார்கள்.

அந்தத் தாளை எந்த வரிசையில் படிப்பது, எந்தச் சொல்லுக்குக் கவலைப்படுவது, எதைக் கண்டுகொள்ளாமல் விடுவது என்பதற்காகத்தான் இந்தக் கட்டுரை. நோய் என்ன, மருந்து எது என்பதை டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும். ஆனால் அவரிடம் சரியான கேள்வி கேட்க நமக்குக் கொஞ்சம் விஷயம் தெரிந்திருக்க வேண்டும், இல்லையா?

ஒன்றை மட்டும் முதலிலேயே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கிருமியின் பெயரைவிட, அது எங்கிருந்து எடுக்கப்பட்டது என்பதுதான் முக்கியம். ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்ற அதே கிருமி மூக்குக்குள் இருந்தால் பெரும்பாலும் ஒன்றுமே செய்ய வேண்டாம். கட்டியில் இருந்தால் கீறிச் சீழை எடுக்க வேண்டும். ரத்தத்தில் இருந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரியில் படுக்க வேண்டும். ரிப்போர்ட்டின் எல்லா வரிகளையும் இந்தக் கண்ணோடு படியுங்கள்.

படி 1: தாளின் தலைப்பகுதி

நேரே கிருமியின் பெயருக்குத் தாவாதீர்கள். பெயர், பிறந்த தேதி, மாதிரி எடுத்த தேதி மூன்றையும் சரிபாருங்கள். அரசு ஆஸ்பத்திரி என்றால் தேசிய சுகாதார ஆய்வகச் சேவை என்ற பொது ஆய்வகத்திலிருந்து ரிப்போர்ட் வரும், தனியார் என்றால் வேறு ஆய்வகத்தின் தாளில் வரும். சொற்கள் எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒன்றுதான். நம்மிடையே கோவிந்தசாமிகளும் நாயுடுக்களும் பிள்ளைகளும் ஏராளம், அதனால் பிறந்த தேதியைப் பார்ப்பது வெறும் சம்பிரதாயம் அல்ல.

அடுத்து 'ஸ்பெசிமன்' என்ற வரி. எங்கிருந்து எடுத்தார்கள் என்பது அங்கேதான் இருக்கும். 'பஸ் ஸ்வாப்' என்றால் புண்ணின் சீழைப் பஞ்சுக் குச்சியில் எடுத்தது. 'ஆஸ்பிரேட்' என்றால் ஊசி போட்டு உள்ளிருந்து உறிஞ்சியது. இது ஸ்வாப்பைவிட நம்பகமானது, தோலின் மேலே சும்மா குடியிருக்கும் கிருமிகள் அதில் அவ்வளவாகக் கலக்காது. 'டிஷ்யூ' என்றால் சதைத் துணுக்கு. 'நேசல் ஸ்வாப்' மூக்குக்குள்ளிருந்து. 'பிளட் கல்ச்சர்' ரத்தம். 'எம்.எஸ்.யூ.' என்பது இடையில் பிடித்த சிறுநீர். முதலில் கொஞ்சம் விட்டுவிட்டு நடுவில் வருவதைப் பிடிப்பதால் அந்தப் பெயர்.

கேட்ட பரிசோதனை 'எம்.சி.எஸ்.' என்று இருக்கும். மைக்ராஸ்கோப்பி, கல்ச்சர், சென்சிடிவிட்டி. அதாவது நுண்ணோக்கியில் பார்ப்பது, வளர்த்துப் பார்ப்பது, எந்த மருந்துக்கு மடிகிறது என்று பார்ப்பது. ஆய்வகமும் இதே வரிசையில்தான் வேலை செய்கிறது, நாமும் இதே வரிசையில் படிப்போம்.

படி 2: நுண்ணோக்கி வரிகள்

இந்தப் பகுதி அநேகமாக முதல் நாளிலேயே தயாராகிவிடும். முதலில் அணுக்கள். 'பஸ் செல்ஸ்', 'பாலிமார்ஃப்ஸ்', 'லியூக்கோசைட்ஸ்' என்று எது எழுதியிருந்தாலும் கிருமியோடு சண்டைக்கு வந்த வெள்ளணுக்கள் என்று வைத்துக்கொள்ளலாம். இவை நிறைய இருந்தால் அங்கே உண்மையான தொற்று இருக்க வாய்ப்பு அதிகம். 'எபிதீலியல் செல்ஸ்' என்பவை மேல்தோலின் அணுக்கள். இவை நிறைய இருந்து வெள்ளணுக்கள் குறைவாக இருந்தால், ஸ்வாப் புண்ணுக்குள் போகாமல் தோலை மட்டும் தடவிவிட்டு வந்திருக்கலாம். அப்படிப்பட்ட ரிப்போர்ட்டில் கீழே எந்தக் கிருமியின் பெயர் வந்தாலும் அவ்வளவாக நம்ப வேண்டியதில்லை.

அப்புறம் 'கிராம் ஸ்டெயின்'. ஹான்ஸ் கிறிஸ்டியன் கிராம் என்ற டென்மார்க்காரர் 1884-ல் வெளியிட்ட சாயமுறை இது. ஊதாச் சாயம், அயோடின், ஆல்கஹால், கடைசியாகச் சிவப்புச் சாயம். தடித்த சுவருள்ள பாக்டீரியா ஊதாவைப் பிடித்துவைத்துக்கொள்ளும், அது 'கிராம் பாசிட்டிவ்'. ஆல்கஹாலில் ஊதாவை விட்டுவிட்டுச் சிவப்பை ஏற்பது 'கிராம் நெகட்டிவ்'. இங்கே பாசிட்டிவ், நெகட்டிவ் என்பதற்கும் நோய் இருக்கிறதா இல்லையா என்பதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. 'கிராம் பாசிட்டிவ்' என்பதைப் பார்த்து "பாசிட்டிவ் வந்துவிட்டது" என்று அழுதவர்களும் உண்டு, 'நெகட்டிவ்' என்பதைப் பார்த்து மருந்தை நிறுத்தியவர்களும் உண்டு. இரண்டாவது ரகம்தான் ஆபத்து.

'காக்கை' என்று எழுதியிருந்தால் பறவை என்று நினைக்க வேண்டாம். உருண்டையான பாக்டீரியாவுக்கு 'காக்கஸ்' என்று பெயர், அதன் பன்மைதான் அது. 'பேசில்லை' என்றால் குச்சி வடிவம். 'கிராம் பாசிட்டிவ் காக்கை இன் கிளஸ்டர்ஸ்', அதாவது ஊதா உருண்டைகள் கொத்துக்கொத்தாக, என்று இருந்தால் ஸ்டாஃப் என்று டாக்டர் அப்போதே ஊகித்துவிடுவார். 'இன் செயின்ஸ்', அதாவது சங்கிலியாக, என்று இருந்தால் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பக்கம் போவார். ஒவ்வொரு உருண்டையும் சுமார் 1 மைக்ரோமீட்டர், அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு.

படி 3: வளர்ந்ததா, எவ்வளவு?

கல்ச்சர் என்பது சத்துள்ள கூழ்த்தட்டில் மாதிரியைத் தடவி, உடல் வெப்பத்தில் ஓரிரு நாள் வைத்துப் பார்ப்பது. 'நோ குரோத்' என்றால் எதுவும் வளரவில்லை. அதற்கு முன்பே ஆன்டிபயாடிக் சாப்பிட ஆரம்பித்திருந்தால் கிருமி இருந்தும் வளராமல் போகலாம், எனவே மாத்திரை சாப்பிட்டிருந்ததை டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். 'ஸ்கேன்ட்டி', 'மாடரேட்', 'ஹெவி' என்பவை கொஞ்சம், நடுத்தரம், அதிகம். சில ஆய்வகங்கள் ஒன்று, இரண்டு, மூன்று கூட்டல் குறி போடும். 'நார்மல் ஸ்கின் ஃப்ளோரா' என்றால் தோலில் வழக்கமாகக் குடியிருப்பவை. 'மிக்ஸ்ட் குரோத்' என்றால் பலவும் கலந்து வளர்ந்தன, இதுதான் காரணம் என்று எதையும் சொல்ல முடியவில்லை என்று பொருள்.

படி 4: குடும்பப் பெயரும் சொந்தப் பெயரும்

பாக்டீரியாவின் பெயரில் இரண்டு சொல் இருக்கும். முதல் சொல் குடும்பம், இரண்டாவது ஆள். ஸ்டாஃபிலோகாக்கஸ் என்ற குடும்பப் பெயரை வைத்தவர் அலெக்ஸாண்டர் ஆக்ஸ்டன், ஸ்காட்லாந்தின் அபர்டீன் நகர அறுவை மருத்துவர். 1880 வாக்கில் கட்டிகளின் சீழை நுண்ணோக்கியில் பார்த்து, திராட்சைக் குலை போலத் திரண்டிருந்த உருண்டைகளைக் கண்டார். 1882-ல் கிரேக்க மொழியின் திராட்சைக் குலையையும் மணியையும் சேர்த்து இந்தப் பெயரைக் கொடுத்தார். 1884-ல் ஜெர்மானியரான ரோசன்பாக் அதைத் தட்டில் வளர்த்து, பொன்னிறமாக வளர்ந்ததை 'ஆரியஸ்' என்றும் வெண்மையாக வளர்ந்ததை 'ஆல்பஸ்' என்றும் பிரித்தார். அந்த ஆல்பஸைத்தான் இப்போது 'எபிடெர்மிடிஸ்' என்கிறோம்.

இந்தக் குடும்பத்தில் நாற்பதுக்கும் மேற்பட்ட ஆட்கள் இருந்தாலும், நம் வீட்டு ரிப்போர்ட்டில் வரக்கூடியவர்கள் சிலரே. ரவுடி, ஆரியஸ். கட்டி, எலும்பு, இதயம், ரத்தம் என்று எங்கும் நுழையக்கூடியது. ஆனால் பத்துப் பேரில் மூன்று பேரின் மூக்குக்குள் ஒரு தொந்தரவும் செய்யாமல் குடியிருப்பதும் இதேதான். எபிடெர்மிடிஸ் எல்லோர் தோலிலும் இருக்கும் சாது. ஆனால் உடம்புக்குள் வைத்த பொருளின் மேல் பிசுபிசுப்பான படலம் கட்டி ஒட்டிக்கொள்ளும். செயற்கை மூட்டு, செயற்கை வால்வு, பேஸ்மேக்கர், டயாலிசிஸ் குழாய் உள்ளவர்களுக்கு மட்டும் அது சாது இல்லை. 'சாப்ரோஃபிட்டிகஸ்' இளம்பெண்களுக்குச் சிறுநீர்த் தொற்று தருவது. 'லக்டுனென்சிஸ்' அபூர்வம், சாதுக்களின் பட்டியலில் இருந்துகொண்டு ஆரியஸ் மாதிரி அடிக்கும். அந்தப் பெயரைப் பார்த்தால் டாக்டரிடம் தவறாமல் கேளுங்கள்.

இவர்களைப் பிரித்தறிய உதவும் இரண்டு சோதனைகளின் பெயர் தாளில் அடிக்கடி வரும். 'கேட்டலேஸ்': ஹைட்ரஜன் பெராக்சைடு விட்டால் ஸ்டாஃப் குமிழி விடும், ஸ்ட்ரெப் விடாது. 'கோயாகுலேஸ்': ரத்தத்தின் பிளாஸ்மாவை ஆரியஸ் உறையவைக்கும், எபிடெர்மிடிஸ் வகையறா உறையவைக்காது. அதனால்தான் 'கோயாகுலேஸ் நெகட்டிவ் ஸ்டாஃபிலோகாக்கஸ்' என்று ஒரே வரியில் மற்றவர்களை எல்லாம் மூட்டை கட்டிவிடுவார்கள். 'கான்ஸ்' என்று சுருக்கியும் எழுதுவார்கள். தோலில் எடுத்த ஸ்வாப்பில் 'கான்ஸ்' என்று மட்டும் வந்திருந்தால் பெரும்பாலும் அது குடியிருப்பவர்களின் கணக்கெடுப்புதான்.

படி 5: ரத்தப் பரிசோதனை என்றால் தனிக் கணக்கு

இந்த இடத்தில் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். ரத்தத்தை எடுத்துச் சத்துநீர் உள்ள பாட்டில்களில் விட்டு, இயந்திரத்தில் வழக்கமாக ஐந்து நாள் வரை வைப்பார்கள். கிருமி வளர்ந்தால் இயந்திரமே அறிவிக்கும், பெரும்பாலும் முதல் ஓரிரு நாளிலேயே தெரிந்துவிடும். வேறு வேறு இடத்தில் ஊசி குத்தி இரண்டு தடவை எடுப்பது நல்ல வழக்கம். "எதற்கு இன்னொரு தடவை குத்துகிறார்கள்?" என்று சிஸ்டரிடம் கோபப்பட வேண்டாம். காரணம் இதுதான்: ஊசி தோலைத் துளைத்து உள்ளே போகும்போது தோலில் இருக்கும் எபிடெர்மிடிஸும் கூடவே பாட்டிலுக்குள் போய்விடலாம். ஒரு பாட்டிலில் மட்டும் 'கான்ஸ்' வளர்ந்து, நோயாளியின் உடம்புக்குள் குழாயோ செயற்கைப் பொருளோ இல்லையென்றால், அது 'கன்டாமினன்ட்', அதாவது வெளியிலிருந்து கலந்தது என்று டாக்டர் ஒதுக்கிவிடக்கூடும். எல்லாப் பாட்டிலிலும் அதே கிருமி வந்தால் ஒதுக்க மாட்டார்.

ஆனால் ஆரியஸுக்கு இந்தச் சலுகை கிடையாது. ஒரே ஒரு பாட்டிலில் வந்தாலும் மெய்யான தொற்று என்றே எடுத்துக்கொள்வார்கள். 'ஸ்டாஃப் ஆரியஸ் பேக்டிரீமியா' என்ற சொல்லைக் கேட்டால், நோயாளி எழுந்து உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தாலும் அசட்டை கூடாது. ரத்தக் குழாய் வழியாக மருந்து, குறைந்தது 14 நாள். இதய வால்விலோ எலும்பிலோ போய் உட்கார்ந்திருந்தால் நான்கு முதல் ஆறு வாரம். இதயத்தை எக்கோ ஸ்கேன் எடுத்துப் பார்ப்பார்கள். மருந்து ஆரம்பித்த பிறகும் ரத்தத்தை மறுபடி எடுத்து, கிருமி போய்விட்டதா என்று உறுதிப்படுத்துவார்கள். "காய்ச்சல் விட்டுவிட்டது, அப்பாவை வீட்டுக்குக் கூட்டிப் போகிறோம்" என்று மூன்றாம் நாளே சண்டை போடும் குடும்பங்களைப் பற்றித்தான் எனக்கு வருத்தம். காய்ச்சல் விடுவதும் கிருமி ஒழிவதும் ஒன்றல்ல.

மூன்று சொற்களையும் பிரித்துக்கொள்வோம். 'பேக்டிரீமியா' என்றால் ரத்தத்தில் பாக்டீரியா இருக்கிறது. 'செப்சிஸ்' என்றால் தொற்றை எதிர்க்கப் போய் உடம்பு நிலைகுலைந்து, தன் உறுப்புகளையே கெடுத்துக்கொள்கிறது. 'செப்டிக் ஷாக்' என்றால் அதோடு ரத்த அழுத்தமும் சரிந்துவிட்டது. 'புண் செப்டிக் ஆகிவிட்டது' என்று நாம் பேச்சில் சொல்வது சீழ் பிடித்ததைத்தான், அது செப்சிஸ் அல்ல.

படி 6: மருந்துப் பட்டியல்

பலரும் தப்பாகப் படிக்கும் பகுதி இது. இடப்பக்கம் ஆன்டிபயாடிக் பெயர்கள், எதிரில் எஸ், ஐ, ஆர் என்ற எழுத்துகள். எஸ் என்றால் அந்த மருந்துக்குக் கிருமி பணியும். ஆர் என்றால் பணியாது. ஐ என்பதை முன்பெல்லாம் 'இடைப்பட்டது' என்றே சொல்வார்கள். ஐரோப்பிய முறையைப் பின்பற்றும் ஆய்வகங்களில் இப்போது 'கூடுதல் அளவு கொடுத்தால் பணியும்' என்று அதற்குப் பொருள். 'ஆர்' நோயாளியைப் பற்றியது அல்ல, கிருமியைப் பற்றியது. "எனக்கு அந்த மருந்து பழகிப்போய்விட்டது" என்று நாம் சொல்வது சரியில்லை, பழகிக்கொண்டது கிருமிதான்.

சில ரிப்போர்ட்டுகளில் எழுத்தோடு எண்ணும் இருக்கும். அது 'எம்.ஐ.சி.', கிருமி வளரவிடாமல் தடுக்கத் தேவையான மிகக் குறைந்த மருந்துச் செறிவு. எண் சிறியதாக உள்ள மருந்துதான் வலுவானது என்று ஒப்பிடாதீர்கள். ஒவ்வொரு மருந்துக்கும் அளவுகோல் வேறு. ஒரு மருந்தில் 2 என்பது எஸ் ஆகவும் இன்னொன்றில் 1 என்பதே ஆர் ஆகவும் இருக்கலாம். எழுத்தை மட்டும் பாருங்கள், எண்ணை டாக்டருக்கு விட்டுவிடுங்கள்.

பென்சிலின் வரியில் ஆர் இருந்தால் அதிர்ச்சி வேண்டாம், இன்றைக்குப் பெரும்பாலான ஆரியஸ் அப்படித்தான். 1928-ல் லண்டனில் அலெக்ஸாண்டர் ஃப்ளெமிங் பென்சிலினைக் கண்டதே ஸ்டாஃப் வளர்த்த தட்டில் பூஞ்சை விழுந்ததால்தான். ஆனால் மருந்து புழக்கத்துக்கு வந்த 1940களிலேயே, பென்சிலினை உடைக்கும் 'பென்சிலினேஸ்' நொதியை ஸ்டாஃப் வைத்திருப்பது தெரிந்துவிட்டது. வீட்டில் மிச்சமிருந்த அமாக்ஸிசிலினைக் கட்டிக்குச் சாப்பிட்டால் பலன் இல்லாமல் போவது இதனால்தான். அந்த நொதி அமாக்ஸிசிலினையும் உடைத்துவிடும். அதற்குத் தப்பிக்கும் மருந்துகள் கிளாக்ஸசிலின், ஃப்ளூக்ளாக்ஸசிலின். தென்னாப்பிரிக்காவில் தோல் தொற்றுக்கு டாக்டர்கள் வழக்கமாக எழுதுவது ஃப்ளூக்ளாக்ஸசிலின்தான். அந்தப் பெயர் பட்டியலில் இல்லையே என்று தேடாதீர்கள். ஆய்வகம் 'செஃபாக்ஸிட்டின்' அல்லது 'ஆக்ஸசிலின்' என்ற ஒன்றைச் சோதித்து, அதன் விடையை அந்தக் குடும்பம் முழுவதற்கும் பொருத்திவிடும்.

அந்த வரியில் எஸ் இருந்தால் 'எம்.எஸ்.எஸ்.ஏ.', அதாவது மெத்திசிலினுக்குப் பணியும் ஆரியஸ். ஆர் இருந்தால் 'எம்.ஆர்.எஸ்.ஏ.', அதாவது அதற்குப் பணியாத ஆரியஸ். எம் என்பது மெத்திசிலின். 1959-ல் வந்த மருந்து, 1961-லேயே இங்கிலாந்தில் அதற்குப் பணியாத ஸ்டாஃப் அறிவிக்கப்பட்டது. மெத்திசிலினை இப்போது யாரும் கொடுப்பதில்லை, பெயரில் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. 'மெக்-ஏ' என்ற மரபணு இருக்கும் கிருமி தன் சுவரைக் கட்டும் புரதத்தையே மாற்றிக்கொள்வதால், பென்சிலின் வழிவந்த ஏறக்குறைய எல்லா மருந்துகளும் அதற்கு வீண். எம்.ஆர்.எஸ்.ஏ. என்றால் மருந்தே இல்லை என்று பொருள் அல்ல. ஆஸ்பத்திரியில் வேன்கோமைசின் கொடுப்பார்கள். மாத்திரையாகக் கோ-ட்ரைமாக்ஸசோல், கிளின்டாமைசின், டாக்ஸிசைக்ளின், லினசோலிட் போன்றவற்றில் பட்டியலில் எஸ் உள்ளதைப் பார்த்து எழுதுவார்கள். 'டி டெஸ்ட் பாசிட்டிவ்' என்று ஒரு வரி இருந்தால், கிளின்டாமைசின் முதலில் வேலை செய்வது போலத் தெரிந்தாலும் நடுவழியில் கைவிடக்கூடும் என்று எச்சரிக்கிறார்கள்.

எம்.எஸ்.எஸ்.ஏ. என்றால் வேன்கோமைசின் மாதிரி 'பெரிய' மருந்து இன்னும் நன்றாக வேலை செய்யுமே என்று சிலர் கேட்பார்கள். உண்மை நேர்மாறு. எம்.எஸ்.எஸ்.ஏ.வைக் கிளாக்ஸசிலினும் செஃபசோலினும் அதைவிட நன்றாகவே கொல்லும். பழைய மருந்து, மலிவான மருந்து என்று இளப்பமாக நினைக்க வேண்டாம்.

இந்த ஊருக்கும் இந்தக் கதையில் ஓர் இடம் உண்டு. 1977-ல் பென்சிலினுக்கும் குளோரம்ஃபெனிகால் என்ற இன்னொரு ஆன்டிபயாடிக்குக்கும் பணியாத நிமோகாக்கஸை, அதாவது நிமோனியா தரும் கிருமியை, மருத்துவ உலகுக்கு அறிவித்தது டர்பன் ஆய்வகம்தான். அது ஸ்டாஃப் அல்ல, சங்கிலிக் குடும்பத்தைச் சேர்ந்தது. ஆனாலும் ஆன்டிபயாடிக்கை ஷெட்யூல் 4 என்ற மருந்துப் பிரிவில் வைத்து, ஸ்கிரிப்ட், அதாவது டாக்டரின் மருந்துச் சீட்டு, இல்லாமல் கெமிஸ்ட் தர மாட்டேன் என்று சொல்வதன் பின்னால் இந்தக் கவலைதான் இருக்கிறது.

படி 7: டாக்டரின் கோப்பில் உள்ள சொற்கள்

ரிப்போர்ட் கிருமியைச் சொல்லும், கோப்பு நோயைச் சொல்லும். சொல்லின் வாலைப் பிடித்தால் பாதி புரிந்துவிடும். '-ஐட்டிஸ்' என்று முடிந்தால் அழற்சி. '-ஈமியா' என்றால் ரத்தத்தில். 'ஆஸ்டியோ' எலும்பு, 'மையலோ' மஜ்ஜை, 'ஆர்த்ரோ' மூட்டு, 'கார்டியோ' இதயம், 'மயோ' தசை, 'பையோ' சீழ். இப்போது 'ஆஸ்டியோமைலைட்டிஸ்' என்பதை நீங்களே பிரித்துவிடலாம். எலும்பு, மஜ்ஜை, அழற்சி. 'செப்டிக் ஆர்த்ரைட்டிஸ்' மூட்டுக்குள் சீழ். 'எண்டோகார்டைட்டிஸ்' இதயத்தின் உள்ளுறையிலும் வால்விலும். 'பையோமையோசைட்டிஸ்' தசைக்குள் சீழ், வெப்ப நாடுகளில் அதிகம் காண்பது.

தோல் நோய்களுக்கு நம்மிடமே பழைய சொற்கள் இருக்கின்றன, பலவற்றை நம் பாட்டிகள் டாக்டரைவிடச் சரியாகவே அடையாளம் கண்டார்கள். முடிக்கால் ஒவ்வொன்றிலும் சிறு கொப்புளம் 'ஃபாலிகுலைட்டிஸ்'. அதுவே ஆழமாகி வலிக்கும் கட்டி 'ஃபுரங்கிள்', பேச்சில் 'பாயில்'. பல கண் வைத்த பெரிய கட்டி, அநேகமாகப் பிடரியிலோ முதுகிலோ வருவது 'கார்பங்கிள்'. நம் ஊர்ப் பெயர் ராஜபிளவை. இது வந்தால் சர்க்கரை பார்க்கச் சொல்வார்கள், மறுக்காமல் பாருங்கள். நம் சமூகத்தில் சர்க்கரை எத்தனை வீட்டில் இருக்கிறது என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான், சிலருக்கு ராஜபிளவைதான் முதல் அறிவிப்பே. கண்ணிமைக் கட்டி 'ஸ்டை'. நகச்சுற்று 'பாரோனிக்கியா'. பிள்ளைகளின் முகத்தில் தேன் நிறப் பொருக்கு கட்டும் புண் 'இம்பெடைகோ', மளமளவென்று மற்றப் பிள்ளைகளுக்கும் ஒட்டும். பால் கொடுக்கும் தாய்க்கு மார்பு சிவந்து கட்டுவது 'மாஸ்டைட்டிஸ்'. தோலுக்கு அடியில் பரவலாகச் சிவந்து வீங்குவது 'செல்லுலைட்டிஸ்'. சீழ் ஓர் இடத்தில் தேங்கினால் 'ஆப்செஸ்'.

ஆப்செஸ் என்றால் கோப்பில் 'ஐ அண்ட் டி' என்று எழுதுவார்கள், கீறி வடிப்பது. சீழ் தேங்கிய இடத்துக்குள் மாத்திரை சரியாகப் போய்ச் சேராது. எனவே சிறிய கட்டிக்குச் சில சமயம் கீறுவதே முழு மருந்தாகிவிடும். "கத்தி வேண்டாம் டாக்டர், மாத்திரை மட்டும் கொடுங்கள்" என்று கெஞ்சுவதால் வலியைத்தான் நீட்டிக்கிறோம்.

ஸ்கிரிப்ட்டில் உள்ள சுருக்கங்கள் சுருக்கமாக: 'பி.டி.' நாளுக்கு இரண்டு வேளை, 'டி.டி.எஸ்.' மூன்று, 'க்யூ.ஐ.டி.' நான்கு. 'நாக்டே' இரவில். 'பி.ஓ.' வாய் வழியாக, 'ஐ.வி.' ரத்தக் குழாய் வழியாக. 'ஸ்டாட்' என்றால் உடனே, அதற்கும் ஸ்டாஃபுக்கும் உறவில்லை. ஃப்ளூக்ளாக்ஸசிலின் நாளுக்கு நான்கு வேளை, வெறும் வயிற்றில். சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்போ இரண்டு மணி நேரம் கழித்தோ. நான்கு வேளை என்பதுதான் எல்லோரும் கோட்டை விடும் இடம், கைபேசியில் அலாரம் வைத்துக்கொள்ளுங்கள். 'பென்சிலின் அலர்ஜி' என்று கோப்பில் இருந்தால், அன்றைக்கு உண்மையில் என்ன நடந்தது என்று விவரமாகச் சொல்லுங்கள். மூச்சு அடைத்ததா, உடம்பெல்லாம் தடித்ததா, வெறும் வயிற்றுப்போக்கா? வயிற்றுப்போக்கை மட்டும் வைத்து அலர்ஜி என்று எழுதிவிட்டால், ஸ்டாஃபுக்கு மிக நல்ல மருந்துகளைக் காரணமில்லாமல் இழக்கிறீர்கள்.

படி 8: ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்கக் கூடாத நேரம்

செல்லுலைட்டிஸ் என்றால் சிவப்பின் ஓரத்தைப் பேனாவால் கோடு போட்டு, நேரத்தையும் எழுதிவையுங்கள். கோட்டைத் தாண்டி வேகமாகப் பரவினால் காத்திருக்காதீர்கள். புண் சின்னதாக இருந்து வலி மட்டும் தாங்க முடியாமல் இருந்தால், மூக்கிலோ மேலுதட்டிலோ வந்த கட்டியோடு கண் வீங்கினால், காய்ச்சலோடு முதுகுத்தண்டு வலித்தால், சர்க்கரைக்காரர் பாதம் கறுத்தால் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மூச்சு வேகமாக வாங்குவது, பேச்சு குழறுவது, ஆளை அடையாளம் தெரியாமல் குழம்புவது, கைகால் சில்லிடுவது, சிறுநீர் குறைவது ஆகியவை செப்சிஸ் அறிகுறிகள். வயதானவர்களுக்குக் காய்ச்சலே இல்லாமலும் இது வரலாம். அரசு ஆம்புலன்ஸ் எண் 10177, கைபேசியிலிருந்து 112. முகத்தின் நடுப்பகுதியில் வரும் கட்டியைப் பிதுக்கவே கூடாது. அங்கிருந்து மூளைப்பக்க ரத்தக் குழாய்களுக்கு வழி இருக்கிறது.

படி 9: வீட்டிலும் கோயிலிலும்

கட்டி திரும்பத் திரும்ப வருகிறதா? மூக்கிலோ அக்குளிலோ ஆரியஸ் தங்கியிருக்கக்கூடும். அப்போது 'டீகாலனைசேஷன்' என்று ஒன்றை டாக்டர் சொல்வார். மூக்குக்குள் முப்பிரோசின் களிம்பு, குளோர்ஹெக்ஸிடின் என்ற கிருமிநாசினி கலந்த குளியல், வழக்கமாக ஐந்து நாள். வீட்டில் மற்றவருக்கும் கட்டி இருந்தால் எல்லோரும் ஒரே சமயத்தில் செய்வதுதான் பலன் தரும். அந்த நாள்களில் துண்டு, ரேசர், தலையணை உறை எதையும் பகிரக் கூடாது.

தைப்பூசக் காவடிக்கு அலகு குத்துபவர்களுக்கு ஒரு வார்த்தை. ஊசியும் வேலும் ஒருவருக்குப் பயன்படுத்தியது இன்னொருவருக்கு வரக் கூடாது, குத்துபவர் கையைச் சோப்பால் கழுவியிருக்க வேண்டும். எடுத்த பிறகு துளையில் திருநீறோ மஞ்சளோ அடைப்பதை நான் ஆதரிக்க மாட்டேன். நெற்றிக்குத் திருநீறு போதும், புண்ணுக்குச் சுத்தமான தண்ணீரும் சோப்பும்தான். பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள், பரவாயில்லை. சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர்களும், இதய வால்வு மாற்றியவர்களும் அலகுக்கு முன்பு டாக்டரிடம் பேசிவிடுவது நல்லது.

கடைசியாக, புண்ணே இல்லாமல் ஸ்டாஃப் தரும் தொல்லை: உணவு நஞ்சு. சமைத்தவர் கையில் உள்ள வெட்டுக்காயத்திலிருந்தோ மூக்கிலிருந்தோ கிருமி உணவில் விழுந்து, டர்பன் வெயிலில் பெருகி, 'என்டரோடாக்சின்' என்ற நஞ்சைக் கக்கும். கல்யாணத்துக்கு முதல் நாளே ஆக்கி வைத்த பிரியாணி, இசிபிங்கோ மாரியம்மன் கோயில் புனித வெள்ளிக் கூட்டத்துக்கு எடுத்துப் போகும் கட்டுச்சோறு, பால் சேர்த்த இனிப்பு எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். மறுபடி கொதிக்க வைத்தால் கிருமி செத்துவிடும், நஞ்சு சாகாது, அரை மணி நேரம் கொதித்தாலும் தாங்கும். எனவே சூடாகப் பரிமாறுவது 60 டிகிரிக்கு மேல், எடுத்து வைப்பது 5 டிகிரிக்குக் கீழ், நடுவில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் விடக் கூடாது. பெரிய அண்டாவை அப்படியே ஃபிரிட்ஜில் வைத்தால் நடுப்பகுதி மணிக்கணக்கில் சூடாகவே இருக்கும், ஆழமில்லாத தட்டுகளில் பிரித்து வையுங்கள். கையில் கட்டியோ வெட்டுக்காயமோ உள்ளவர் அன்றைக்குச் சமையல் பக்கம் வராமல் பந்தலைப் பார்த்துக்கொள்ளட்டும்.

சாப்பிட்ட அரை மணி முதல் எட்டு மணி நேரத்துக்குள் வாந்தி ஆரம்பிக்கும், அநேகமாக ஒரு நாளில் அடங்கிவிடும். நோய் தருவது நஞ்சு என்பதால் ஆன்டிபயாடிக்குக்கு இங்கே வேலை இல்லை. கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் தலைதட்டி எட்டு டீஸ்பூன் சர்க்கரையும் அரை டீஸ்பூன் உப்பும் கரைத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கக் கொடுங்கள். இதுதான் நம் கிளினிக் சிஸ்டர்கள் சொல்லிக்கொடுக்கும் கணக்கு. கைக்குழந்தைக்கும், தண்ணீர்கூட வயிற்றில் நிற்காதவருக்கும், ரத்தம் கலந்து போகிறவருக்கும் வீட்டு வைத்தியம் வேண்டாம், நேரே கிளினிக்குக்குக் கூட்டிப் போங்கள்.